பூரா அடித்தாலும்

எங்கள் ஊருக்குப் பெயரே ஆறுதான்.
ரியேகா என்றால் ஆறு.
ஊர் நடுவே படகு கட்டிக் கிடக்கும் தண்ணீருக்கோ
செத்த கால்வாய் என்று பெயர்.
ஒரு காலத்தில் ஆற்றைத் திருப்பிவிட்டார்களாம்.
பழைய படுகை இங்கேயே தங்கிவிட்டது.

நான் நெவென்கா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
பாதத்துக்குக் கீழே கப்பல்.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு பெட்டியையும் இடித்ததில்லை.
மார்ச்சில் ஒரு காலை
கண்ணாடியின் மேல்பாதியில் பழுப்பாய் ஒரு கறை.
பூரா காற்று உப்பை வாரி அடித்திருக்கும்
என்று துடைத்தேன்.
துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.
வலக்கண்ணைப் பொத்தினேன்.
கப்பலில் பாதியைக் காணோம்.

டாக்டர் மாவ்ரினாட்ஸ் படத்தைக் காட்டினார்.
என் விழித்திரை,
கோடையில் தீப்பிடித்த மலைச்சரிவு மாதிரி.
இந்தச் சந்தியில், என்றார்,
தமனி சிரையின்மேல் ஏறிப் போகிறது.
இரண்டுக்கும் ஒரே உறை.
மேலே இருப்பது வருடக்கணக்காகத் தடித்தது,
கீழே இருப்பது நசுங்கியது.
தெரியும் டாக்டர், நானும் பதினோரு வருடம்
ஒருத்தனோடு ஒரே போர்வையில் படுத்தவள்தான்
என்றேன்.
அவர் சிரிக்க ஒரு நிமிடம் ஆனது.

அறுத்துச் சரி பண்ண முடியாதா?
முடியும். அதுதான் சிக்கல், என்று
மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு வரைந்தார்.
கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு
உறையைக் கீறி
தமனியைச் சிரையின் முதுகிலிருந்து இறக்கலாம்.
அல்லது முடியைவிட மெல்லிய ஊசியைச் சிரைக்குள்ளேயே ஏற்றி
உறைந்த ரத்தத்தைக் கரைக்கலாம்:
என் கை நடுங்கும் அகலம்கூட அந்தச் சிரைக்கு இல்லை,
அதற்காக இயந்திரக் கை செய்து பார்க்கிறார்கள்.
லேசரால் அடியில் துளைத்து
ரத்தத்துக்கு வேறு வழி வெட்டுவதும் உண்டு.
நம் ஆற்றைத் திருப்பியது போலவா, என்றேன்.
அது போலத்தான். சில சமயம்
அந்த ஓட்டையிலேயே புதுக் குழாய்கள் முளைத்துக் கசியும்.
நரம்பின் விளிம்பைக் கீறுவதைப் பற்றி
அவர் வரையக்கூட இல்லை.
அது பெரிய சிரை அடைத்தவர்களுக்கு,
இப்போது யாரும் அதிகம் செய்வதில்லை, என்றார்.

நீங்கள் செய்திருக்கிறீர்களா?

பேனாவை மூடினார்.
உறை கீறியது ஒன்பது பேருக்கு.
முதல் ஆள் க்ர்க் தீவில் ரொட்டி சுடுகிறவர்.
நுண்ணோக்கியின் கீழே
சிரை மறுபடி நிரம்பி ஓடுவதை நானே பார்த்தேன்.
தாதி என் தோளைத் தட்டினாள்.
ஆறு மாதம் கழித்து அவர் அதே வரிசையைத்தான் படித்தார்,
மேலிருந்து இரண்டாவது.
வழி திறந்துவிட்டது,
பார்வைதான் அந்த வழியாக வரவில்லை.

எனக்குப் புரிந்தது.
கப்பலின் மூடியைத் திறப்பதா பெரிது,
உள்ளே மாவு நனைந்துபோயிருந்தால்?

ஆனாலும் எனக்குக் கத்திதான் வேண்டியிருந்தது.
கத்தி ஒரு நாள் வேலை.
ஊசி மாதச் சந்தா.
உங்கள் கண்ணாக இருந்தால் எது, என்று கேட்டேன்.
ஊசி, என்றார்,
யோசிக்காமல். அந்த வேகம்தான்
என்னை நாற்காலியில் உட்காரவைத்தது.

ஆறு ஊசி ஆயிற்று.
வீக்கம் வடிகிறதாம். கறையின் ஓரம்
கழுவிக் கழுவி வெளுத்த துணிபோல ஆகியிருக்கிறது.
கூண்டில் ஏற அனுமதி இல்லை,
கீழே நின்று எண் குறிக்கிறேன்.
காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறேன்.
என் பாரந்தூக்கியை இப்போது ஸ்லாவென் ஓட்டுகிறான்,
பெட்டியை இறக்கும்போது கடைசி ஒரு சாணில்
பதற்றப்படுகிறான்.
நான் வாய் திறப்பதில்லை.

அந்தச் சீட்டு பர்ஸில் இருக்கிறது.
ஒரு பக்கம் அவர் வரைந்த கத்திகள்,
பென்சில் அழிந்துகொண்டு வருகிறது.
மறுபக்கம் தேதிகள், பேனாவில்.
ஏழாவது: பதினான்காம் தேதி, காலை எட்டரை.
அடியில் கோடு போட்டிருக்கிறார்:
பூரா அடித்தாலும் வரவும்.